வெள்ளிக்கிழமை நின்ற தண்ணீர்

2014 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒரு மணி முப்பத்தொரு நிமிடம். வானத்தில் மேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காலையில் அடித்த கடற்காற்று பதினொரு மணியோடு விழுந்துவிட்டிருந்தது. நிழலில் முப்பத்து நான்கு பாகை. கண்டக்குழிப் பக்கத்து இறால் ஹெச்சரி ஒன்றின் பின்கதவில் சைக்கிளைச் சாத்தக்கூட நேரமில்லாமல் மணலில் போட்டுவிட்டு நான் உள்ளே ஓடினேன். நேரம் உள்ளே தொட்டி மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தது. அந்தக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும். ஆகவே ஒன்று இருபத்தொன்பதாகவும் இருக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் ரிஸ்வான் போன மாதம் தொலைபேசி எடுத்தார். மண்டபத்துச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது: 'வெள்ளிக்கிழமை முதல் நாலு நிமிடத் தண்ணீர் வெளியே.' தொட்டிக்குத் தொட்டி இப்போது சென்சர் பூட்டியாகிவிட்டது, சூடு ஏறினால் கைத்தொலைபேசிக்குச் செய்தி வருகிறது, ஆகவே அந்தப் பலகையைக் கழற்றலாமா என்று கேட்டார். ஏன் அது வந்தது என்று அங்கே இருக்கும் யாருக்கும் தெரியவில்லை. ஊழியர் மலருக்கு ஒரு கட்டுரையாக எழுதித் தாருங்கள் நாநா என்றும் சொன்னார். எங்கள் ஆட்கள் அண்ணனை நாநா என்பார்கள். பேச்சுவாக்கில், புதிய மண்டபத்துக்காகத் தண்ணீர்க் குழாயை இன்னும் எண்பது மீட்டர் நீட்டியிருப்பதாகவும் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நான் மன்னார்த் தீவுக்காரன். உயர்தரத்தில் கணிதம் படித்து, தண்ணீர் வழங்கும் அரச அலுவலகம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளனாக இருந்தேன். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எல்லாரோடும் வந்து கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். உப்பளத்தில் வாய்க்கால் வெட்டினேன், பாலாவிச் சந்தியில் லொறிக்கு மூட்டை எண்ணினேன். எண்ணுகிற வேலை எனக்கு ஒத்துவந்தது. அதைப் பார்த்த ஒருவர் சொல்லித்தான் ஹெச்சரிக்குப் போனேன். அங்கே இருபத்திரண்டு வருடம் தண்ணீர் மேற்பார்வையாளனாக இருந்தேன். இதற்கு மேல் என் சரித்திரம் தேவையில்லை.

ஹெச்சரி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கடலில் பிடித்த தாய் இறாலை வாங்கிவந்து முட்டையிட வைத்து, பொரிக்கும் குஞ்சுகளைச் சில வாரம் வளர்த்து, குளம் வைத்திருப்பவர்களுக்கு விற்பது. குஞ்சு முதலில் கண்ணுக்கே தெரியாது. பொரித்து இரண்டு மூன்று நாளில் அது தன்பாட்டில் தீனி தின்னத் தொடங்கும் பருவம் ஒன்று வரும். அந்தப் பருவத்தில்தான் சாகும். உப்புக் கூடினால் சாகும், சவர்க்காரக் கையை வைத்தால் சாகும், தண்ணீர் சட்டென்று இரண்டு மூன்று பாகை ஏறினாலும் சாகும்.

எங்கள் மண்டபத்தில் இரண்டாயிரம் லீற்றர் பிடிக்கும் தொட்டிகள் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தொட்டியிலும் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். சுத்தம் செய்த கடல்நீர் கரையோர மேட்டில் ஓர் உயரத் தாங்கியில் இருந்தது. தாங்கிக்கும் மண்டபத்துக்கும் இடையில் வேறொருவர் காணி. அவர் தென்னங்கன்று வைத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வேர் அறும் என்று மண்ணைத் தோண்ட விடவில்லை. மேலால் குழாய் போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்படித்தான் 2013 கடைசியிலிருந்து இரண்டு அங்குலக் கறுப்புக் குழாய், நூற்றெண்பது மீட்டர், வெறும் மணலில் வெயிலில் கிடந்தது.

குழாய் போடுமுன் அதற்குக் கணக்குக் கேட்டவர் எங்கள் முகாமையாளர் ரணவீர சேர்.

அவரைப் பற்றி ஆறுதலாகத்தான் சொல்ல வேண்டும். சிலாபத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் எண்ணைக் கேட்கும்போது மட்டும் சிங்களம் வந்துவிடும். "கீயத?" என்பார். எவ்வளவு என்று அர்த்தம். தண்ணீர் சூடாக இருக்கிறது சேர் என்று சொன்னால் பதில் வராது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிற்பார். இருபத்தொன்பதரை சேர் என்று சொன்ன பிறகுதான் நாம் பேசியது அவர் காதில் விழுந்த மாதிரி இருக்கும். பின்னால் எல்லாரும் அவரைக் கீயத சேர் என்றுதான் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும்.

காலை ஆறு மணிக்கு வருவார். கையை முழங்கை வரை வெறும் தண்ணீரில் கழுவுவார். தொட்டிக்குள் விரலை விடமாட்டார், மணிக்கட்டின் உள்பக்கத்தை மட்டும் வைப்பார். பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் மொண்டு, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நீந்துகின்றனவா என்று பார்ப்பார். நீந்தாவிட்டால் அந்தத் தொட்டி போய்விட்டது. ஏசமாட்டார். வாசலருகே வெள்ளைப் பலகையில் அந்தத் தொட்டியைப் பார்க்கிறவரின் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். ஒரு வருடத்தில் மூன்று கோடு விழுந்தால் அந்த ஆள் வீட்டுக்குப் போக வேண்டும். போன தொட்டிகளின் நட்டத்தையும் கடைசிக் கணக்கில் பிடிப்பார்கள். சொந்தச் சகோதரியின் மகனையே மூன்று கோட்டுக்கு அனுப்பியவர். அனுப்பிய அன்று அந்தப் பையனுக்குச் சிலாபம் பஸ்ஸுக்குக் காசும் கொடுத்தார்.

அவருடைய இன்னொரு சட்டம், தண்ணீர் மாற்றத் தொடங்கினால் பன்னிரண்டு தொட்டியும் முடியும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் விட்டுவிட்டுப் போனால் எது மாற்றியது, எது மாற்றாதது என்று குழம்பும் என்பது அவர் கட்சி. நல்ல சட்டம். மற்ற நாட்களில் காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடிப்போம். வெள்ளிக்கிழமை அது சரிவராது. ஆண்கள் பதினொன்றரைக்கே குளித்து உடுத்து மதியக் கூட்டுத் தொழுகைக்கு, ஜும்ஆவுக்கு, போக வேண்டும். ஆகவே வெள்ளியில் மட்டும் தண்ணீர் மாற்றுவதை முழுதாக ஜும்ஆவுக்குப் பிறகு வைத்துக்கொண்டோம். அதுவும் நல்ல ஏற்பாடு. சேரே சொன்னதுதான்.

கணக்குக்கு வருகிறேன். ஓடுகிற தண்ணீர் சூடான குழாயில் எவ்வளவு சூடாகும் என்பது ஒரு வகுத்தல். மேலே குழாய் வாங்குகிற சூடு, கீழே அந்த நேரத்தில் கடந்து போகிற தண்ணீர். குழாயின் வெளிப்புற அகலத்தை நீளத்தால் பெருக்கினால் வெயில் விழும் பரப்பு பதினொரு சதுர மீட்டருக்குச் சற்று மேலே. உச்சி வெயிலில் அது ஏறக்குறையப் பத்துக் கிலோவாட் சூட்டை வாங்கும். தண்ணீர் நிமிடத்துக்கு நூறு லீற்றர் ஓடும். அந்த ஓட்டத்தை ஒரு பாகை சூடாக்க ஏழு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். ஆகவே ஒன்றரைப் பாகை. தண்ணீர் இரண்டு மடங்கு வேகமாகப் போனால் சூடு பாதியாகும், பாதி வேகத்தில் போனால் இரண்டு மடங்காகும். 'நிமிடத்துக்கு நூறு லீற்றர் ஓடும்போது, நண்பகலில், ஒன்றரைப் பாகைக்கு மேல் ஏறாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குழாய் போட்ட பிறகு ஒரு நண்பகலில் தண்ணீரை ஓடவிட்டு இரண்டு முனையிலும் வெப்பமானி பிடித்தோம். ஒன்று தசம் மூன்று. சேர் என் தோளில் தட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என் தோளில் தட்டியது அந்த ஒரு தரம்தான்.

இனி ஜெசீமா. பாலாவிப் பக்கத்து அகதிக் குடியிருப்பிலிருந்து வருவாள். கணவன் மரத்தால் விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தார். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. ஒன்றாம் தொட்டியும் இரண்டாம் தொட்டியும் அவள் பொறுப்பு. வாய் நீளம். அவள் பேச்சுக்குப் பயந்து மீன்காரர்கள் எங்கள் வாசலில் விலை ஏற்றிச் சொல்லமாட்டார்கள்.

அந்த வருடம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஒன்றாம் தொட்டி முழுக்கச் செத்திருந்தது. அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. இரண்டாம் தொட்டி முதல் பன்னிரண்டாம் தொட்டி வரை ஒரு குறையுமில்லை. சேர் ஒரு கோடு போட்டார். தொட்டியைக் கழுவி, உள்ளே புதிதாகப் பூச்சுப் பூசி, காயவைத்துத் திரும்பப் பாவித்தோம். முந்தின நாள் மாலைக் குறிப்பில் ஒன்றாம் தொட்டி மற்றவற்றைவிட ஒன்றரைப் பாகை சூடாக இருந்தது என்பதைப் பார்த்தோம். அது வாசலுக்குப் பக்கத்துத் தொட்டி, மேற்கு வெயில் படுகிறது என்று முடிவுகட்டி, வாசலில் தென்னோலைக் கிடுகுத் தட்டி ஒன்று கட்டினோம்.

சாவு வெள்ளிக்கும் சனிக்கும் இடையில் நடந்திருக்கிறது என்பதைச் சேர் கவனிக்காமல் இல்லை. வெள்ளியில் மட்டும் வித்தியாசமாக என்ன நடக்கிறது என்று கேட்டார். அடுத்த வெள்ளி மாலை அதையே பேசிக்கொண்டு நின்றபோது எங்கள் வால்வுக்காரர் நிசார் அந்தப் பக்கமாகப் போனார். ஜும்ஆவுக்குப் பூசிய அத்தர் வாசம் மாலையிலும் அவருக்கு முன்னால் போனது. சேர் அப்படியே நின்றுவிட்டார். அத்தர் எண்ணெய் கையில் இருக்கிறது, அந்தக் கை ஹோஸைப் பிடிக்கிறது, ஹோஸ் முதலில் ஒன்றாம் தொட்டிக்குள் போகிறது. எண் இல்லாத விளக்கம்தான், ஆனாலும் அவரே நம்பிவிட்டார். நானும் நம்பினேன். அன்றோடு அத்தருக்குத் தடை. பள்ளிக்குப் போகிறவன் அத்தர் பூசக்கூடாதா என்று ஊரில் கொஞ்சம் கதை எழும்பியது. நிசார் இரண்டு வெள்ளி முகத்தைத் தூக்கிக்கொண்டு வெறும் ஆளாகப் போய்வந்தார்.

பெப்ரவரியில் இன்னொரு சனிக்கிழமை ஒன்றாம் தொட்டி திரும்பவும் போனது. அத்தர் இல்லை, தட்டி இருந்தது, பூச்சுப் புதிது. மிச்சம் இருந்தது ஜெசீமாவின் கை மட்டும்தான். சேர் இரண்டாம் கோட்டைப் போட்டார். நகத்தில் மருதாணி வைத்தாயா, வீட்டில் சவர்க்காரம் என்ன, கையில் எண்ணெய் தடவுவாயா என்று ஒவ்வொன்றாக, மரியாதையாக, கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"நாநா, ரெண்டு தொட்டியையும் ஒரே கையாலதான் பாக்கிறன். ஒண்டாம் தொட்டிக்கு ஹராமான கை, ரெண்டாம் தொட்டிக்கு ஹலாலான கை எண்டு அல்லா எனக்குப் பிரிச்சா தந்திரிக்கான்?"

நான் தண்ணீர்க் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். தண்ணீர் என் பொறுப்பு. தண்ணீரில் பிழை இல்லை என்று என் எண்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன. உப்பு சரி, குளோரின் இல்லை, குழாய் ஒன்றரைப் பாகைக்குள். ஏன் எல்லா வெள்ளியும் சாகவில்லை என்பதுதான் என்னைத் தின்றது. பிறகு விளங்கியது: குஞ்சு அந்த மெல்லிய பருவத்தில் இருக்கும்போது வெள்ளிக்கிழமை வர வேண்டும், அன்றைக்கு மேகமும் இருக்கக்கூடாது. அப்போது அது தெரியாது. மார்ச் பதினான்காம் தேதி ஒன்றாம் தொட்டியில் இருந்தவை அந்தப் பருவத்தில்தான் இருந்தன. வியாழன் மாலை வீட்டுக்குப் போகும்போது ஜெசீமா தன் கோப்பையையும் செருப்பையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஏன் என்று கேட்டேன். சனிக்கிழமை எடுக்கிறதை இப்பவே எடுத்தா சுமை குறையும் எண்டுதான் என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் ஹெச்சரியிலேயே கை, முகம், கால் கழுவி வுழு எடுத்துக்கொண்டு நேரத்தோடு பள்ளிக்குப் போகிற ஆள். அன்றைக்கு வடிகட்டி ஒன்று அடைத்துக்கொண்டதால் பிந்திவிட்டேன். பள்ளியில் போய் வுழு எடுக்கப் பார்த்தால் எல்லாப் பைப்பிலும் ஆட்கள். கடைசி மூலையில் ஒன்று மட்டும் யாரும் தொடாமல் இருந்தது. திறந்து இரண்டு கையையும் நீட்டினேன். ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் வந்தது. அடுத்து வந்தது கையைச் சுட்டது. நான் கையை உதறிக்கொண்டு பின்னால் போனேன்.

பக்கத்துப் பைப்பில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் அசன் மாமா, கண்டக்குழியில் வள்ளம் வைத்திருப்பவர். அவர் நிமிராமலே சொன்னார். "மொதத் தண்ணிய விடுங்க மருமகன். உச்சி நேரத்தில அது நம்ம வுழுவுக்கு இல்ல, பிளேன்டீக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அந்தப் பைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு வரும் கறுப்புக் குழாய் பள்ளியின் தெற்குச் சுவர் நெடுக வெயிலில் போய், கடைசி இரண்டு முழம் மட்டும் கூரை நிழலுக்குள் வந்தது.

இமாமின் பிரசங்கம், குத்பா, தொடங்கிவிட்டது. குத்பா நேரத்தில் பேசக்கூடாது, பக்கத்தில் பேசுபவனைச் சும்மா இரு என்று சொல்வதும் கூடாது. நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. என் வகுத்தலில் கீழே இருப்பது ஓட்டம். வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிவரை அந்த ஓட்டம் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று எட்டாம் வகுப்பில் படித்தேன். வகுக்க முடியாதென்றால் வெயில் விழாமல் இருக்குமா? குழாய்க்குள் முந்நூற்றைம்பது லீற்றர் நிற்கிறது. பத்துக் கிலோவாட் விழுந்தால், தொடக்கத்தில், இரண்டேகால் நிமிடத்துக்கு ஒரு பாகை ஏறும். அது விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு நூறு லீற்றர் வீதம் மூன்றரை நிமிடம் அது முழுக்க முதல் தொட்டிக்குள் போகும். பாதி இறக்கிய தொட்டியில் ஆயிரம் லீற்றர்தான் இருக்கும்.

நிசார் எனக்கு முன் வரிசையில், வாசலோரம் இருந்தார். அவருடைய பிடரி எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினால் தொடலாம். தொட்டு என்ன சொல்வது? எழும்பி வெளியே போகலாமா என்று யோசித்தேன். குத்பாவின் நடுவே எழுந்து போனால் வருத்தம் என்று நினைப்பார்கள், இல்லையென்றால் பைத்தியம் என்று நினைப்பார்கள். அதைவிடப் பெரிது, தொழாமல் போகிற ஜும்ஆ. நான் இருந்தேன். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன், ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைக் கூட்டினேன் குறைத்தேன், தொட்டி ஒரு முறைகூடத் தப்பவில்லை. தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்று கேட்டால் இமாம் தொழுததைத் தொழுதேன் என்றுதான் சொல்ல முடியும்.

சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் எழும்பினேன். நிசார் எனக்கு முந்திவிட்டார். வாசலில் இருநூறு செருப்பு. என்னுடையதைத் தேடாமல் வெறுங்காலோடு போயிருக்கலாம், சுடுமணல் விடாது. வெளியே வரும்போது அவருடைய மோட்டார் சைக்கிளின் புழுதி மட்டும் இருந்தது. தொலைபேசி எடுத்தேன். ஜும்ஆவுக்காக நிறுத்திய தொலைபேசியை அவர் இன்னும் போடவில்லை. என் சைக்கிளின் பின் டயரில் காற்று அரைவாசி. இரண்டு மைல். அவர் போனதும் முதலில் பாதித் தண்ணீரை இறக்க வேண்டும், அதற்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தைத்தான் நம்பிக்கொண்டு மிதித்தேன்.

நான் உள்ளே ஓடியபோது தொட்டி பாதியாக இருந்தது. ஜெசீமா ஹோஸின் வாயில் கட்டும் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிசார் வால்வைத் திறந்துவிட்டு, வழக்கம்போல முதல் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தார்.

"பச்சைத் தண்ணிதான், உடு" என்றார் அவளிடம்.

அங்கேதான் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் அவர் கை வைத்துப் பார்த்தவர்தான். மண்டபத்துக்குள் இருக்கும் பத்து மீட்டர்க் குழாய் நிழலில் கிடக்கிறது. முதல் பத்துப் பன்னிரண்டு வினாடி வருவது அந்தத் தண்ணீர். அதைத்தான் அவர் கை பார்த்தது.

நான் ஹோஸைப் பிடுங்கி வடிகானுக்குள் போட்டேன். நிசார் என்ன பேய் பிடித்ததா என்பதுபோலப் பார்த்தார். சுவரில் தொங்கிய வெப்பமானியை எடுத்து ஓடுகிற தண்ணீரில் பிடித்தேன். இருபத்தெட்டு. பிறகு முப்பத்தாறு. பிறகு நாற்பத்திரண்டு. பிறகு நாற்பத்தேழில் போய் நின்றது. ஜெசீமா குனிந்து பார்த்தாள். அவளுக்கு எண் விளங்கவில்லையோ என்று நினைத்து, கையை வைத்துப் பார் என்றேன். வைத்தாள், எடுத்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த நேரம்தான்.

பின்னால் ஒரு குரல் கேட்டது. "கீயத?"

வெள்ளிக்கிழமைகளில் சேர் வங்கி வேலையாகச் சிலாபம் போய் மாலையில்தான் வருவார். அன்றைக்கு மூன்றாம் கோடு விழக்கூடிய நாள் என்பதால் தன் கண்ணால் பார்க்க நேரத்தோடு வந்திருக்கிறார். சுத்தம் செய்த தண்ணீர் வடிகானில் கொட்டுவதைப் பார்த்தும் அவர் கேட்டது அந்த ஒரு சொல்தான்.

"நாற்பத்தேழு சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். குனிந்து மணிக்கட்டின் உள்பக்கத்தைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தார். நான் நினைத்ததைவிட நீண்ட நேரம் பிடித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றரை நிமிடம் தாண்டியதும் வெப்பமானியின் சிவப்புக் கோடு சட்டென்று இறங்கி இருபத்தொன்பதில் நின்றது. அவர் இன்னொரு அரை நிமிடம் காத்திருந்தார்.

"நாலு நிமிடம்" என்றார். "இப்ப தொட்டிக்கு விடுங்க."

அடுத்த நாள் காலை குவளையில் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து நீந்தின. சேர் பலகைக்குப் போய் ஜெசீமாவின் பெயருக்கு நேரே இருந்த இரண்டு கோட்டையும் தன் கைக்குட்டையால் அழித்தார். அவர் கோடு அழித்து அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவர் நின்றார்.

இரண்டு தடவைக்குமாக எழுபத்திரண்டாயிரம் ரூபாய் நட்டம் என்று கொழும்பு அலுவலகத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. அதில் யாருடைய பொறுப்பு என்ற இடத்தில் ஜெசீமாவின் பெயர் இருக்கிறது. அதை எடுத்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும், வெறுமையாக இருந்தால் அவர்கள் திருப்பி அனுப்பி அவள் பெயரையே போடுவார்கள் என்று விளக்கினார். நான் என் கணக்குத் தாளை நினைத்துக்கொண்டு, அதில் ஓடும்போது என்று எழுதியிருக்கிறேன் சேர் என்றேன்.

"ஓம். நான்தான் ஓடும்போது எவ்வளவு எண்டு கேட்டது. நிக்கும்போது எவ்வளவு எண்டு நான் கேக்கல்ல. வெள்ளிக்கிழமை நிக்க வச்சதும் நான்." அவர் ஜன்னலால் குழாயைப் பார்த்தார். "நீங்க எழுதினது சரி. ஆனா தாஜுதீன், ரெண்டு பேருக்கும் அது நிக்கும் எண்டு தெரியும்."

அதற்கான பதிலை இன்றைக்கும் தேடுகிறேன். சில நாள் கிடைத்தது போல இருக்கும், தேநீர் குடித்து முடிக்குமுன் போய்விடும். தண்ணீர் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்தான். ஒவ்வொரு நாளும் இரவில் நிற்கிறதே. அது என் கேள்விக்குள் இல்லை. கேள்விக்குள் இல்லாததற்கு ஒரு மனிதன் எவ்வளவு பொறுப்பு? இதற்கு வாய்பாடு இருந்தால் யாராவது எனக்கு எழுதுங்கள்.

அவர் தாளை எடுத்து அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார். பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார். என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, பேனாவைத் தள்ளக்கூட இல்லை. அடுத்த அறையில் ஜெசீமா யாருக்கோ கதை சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. என் பெயரையும் எழுதினேன். ஆளுக்குப் பாதி.

முதல் மாதச் சம்பளத்தில் பிடித்த அன்று எப்படியோ அவளுக்கு விஷயம் எட்டிவிட்டது. தொட்டிக்குத் தீனி போட்டுக்கொண்டே, என்னைப் பாராமல் கேட்டாள்.

"நாநா, உங்கட கணக்குப் பிழையா?"

"இல்ல."

"சேர்ட சட்டம் பிழையா?"

"இல்ல."

"நிசார் நாநாட கை?"

"அதுவும் இல்ல."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் எதுக்குக் காசு கட்டுறீங்க?"

"தண்ணி நிண்டதுக்கு" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் தீனிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்படியென்றால் இனி வெள்ளிக்கிழமையில் அந்த நாலு நிமிடத்தைத் தானே நின்று பார்ப்பதாகச் சொன்னாள். மூத்த மகளுக்குத் திருமணமாகி இவள் வேலையை விடும்வரை பார்த்தாள். நிசார் திரும்பவும் அத்தர் பூசிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனார், முன்பைவிடக் கூடுதலாக.

ரிஸ்வானுக்கு என் பதில் இதுதான். சென்சர் தொட்டிக்குள் இருக்கிறது. அது செய்தி அனுப்பும்போது சூட்டுத் தண்ணீரும் தொட்டிக்குள் இருக்கும். பலகையைக் கழற்ற வேண்டாம், எண்ணை மாற்றுங்கள். குழாய் இருநூற்றறுபது மீட்டர் என்றால் உள்ளே நிற்பது ஐந்நூறு லீற்றருக்கு மேல். நீளம் கூடினால் ஓட்டமும் குறையும், நிமிடத்துக்கு எண்பதுக்குச் சற்று மேலேதான் வரும். நாலு போதாது, ஏழு வையுங்கள். தென்னை வளர்ந்து நிழல் விழுகிறது என்று சொல்வீர்கள். நிழல் ஓர் இடத்தில் நிற்காது, புது எண்பது மீட்டரில் மரமும் இல்லை. நான் நாளைக்கு வந்து அளந்து தருகிறேன் என்று சொன்னால் மகன் சிரிக்கிறான். ஆனாலும் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

மாதம் ஆயிரத்து ஐந்நூறு வீதம் இருபத்து நான்கு மாதம் பிடித்தார்கள், முப்பத்தாறாயிரம். அன்றைக்கு நாற்பத்தேழைக் காட்டிய வெப்பமானியைத் திரும்பச் சுவரில் மாட்டும்போது ஈரக் கை வழுக்கிச் சீமெந்தில் விழுத்திவிட்டேன். புதிது வாங்கி வைத்தேன், அது அறுநூற்றைம்பது. எல்லாமாக எனக்குப் போனது முப்பத்தாறாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.